டீச்சர் பாடினார், அத்தை பதிவானார்

பயமில்லாதவர்கள் செய்கிற தவறுகள் சின்னதாக இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பயந்து பயந்து வேலை செய்கிறவர்கள் ஒரு தவறு செய்தால், அதைப் பார்க்க நாலு தெரு கூடும். நான் இரண்டாவது ரகம்.

கேஸ் அடுப்பை அணைத்த பிறகு குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பேன். குழந்தை பிறந்த பிறகு இது முற்றிவிட்டது. தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்து, விரல் பட்டு அது விழித்து வீறிட, 'அப்பாடா, மூச்சு வருகிறது' என்று நிம்மதி அடைந்த தாய் நான். (டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் குழந்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.)

தில்லை நகரில் அந்தோணி அண்ணன் நடத்தும் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு வேலை. சர்ச் பாடல் குழுக்கள், பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று வரும். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இதைத்தான் செய்கிறாயா என்று என் அப்பா இன்றும் கேட்பார். நடந்ததைக் கேட்ட பிறகு, 'எலக்ட்ரானிக்ஸ் படித்துமா இப்படிச் செய்தாய்' என்று மாற்றிக்கொண்டார்.

என் மகள் ஆன்சிக்கு ஏழு மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் அண்ணன் நெட்வொர்க் ஆடியோ இன்டர்ஃபேஸ் இரண்டு வாங்கிவைத்திருந்தார். நாங்கள் அதை 'டப்பா' என்றுதான் சொல்வோம். டிபன் டப்பாவில் பாதி அளவு. மைக்கை அதில் செருகினால், வீட்டு இன்டர்நெட்டுக்கு இழுப்பார்களே அதே மாதிரி நீலக் கேபிள் ஒன்றின் வழியாகக் குரல் லேப்டாப்புக்குப் போய்விடும். டப்பாவுக்கு வேண்டிய கரண்டும் அதே கேபிளிலேயே வந்துவிடும். முன்பெல்லாம் வெளியே பதிவுக்குப் போனால் கேபிள் மூட்டையைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். இப்போது ஒரு தோள்பை போதும். ஒரு டப்பா ஹாலில், இன்னொன்று மொட்டை மாடியில் என்று எங்கே வைத்தாலும் எல்லாக் குரலும் ஒரே லேப்டாப்பில் வந்து நிற்கும்.

எந்த மைக்கின் குரல் எந்த டிராக்கில் பதிவாக வேண்டும் என்பதை லேப்டாப் திரையில் ஒரு கட்டப் பலகையில் 'டிக்' போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு டிராக்கில் ஒரு மைக்குக்குத்தான் இடம். வேறொரு மைக்குக்கு அங்கே டிக் போட்டால், முன்பு இருந்தது தானாக வெளியேறிவிடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் துண்டு போட்ட சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தால் சண்டையாவது வரும். இங்கே அதுவும் கிடையாது. சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். இதை அண்ணன் எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த வாரம்தான் வேதவல்லி டீச்சரிடமிருந்து போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர். மாலையில் வீட்டில் தெருப் பிள்ளைகளுக்குப் பாசுரம் சொல்லித்தருவார். அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷனுக்குத் திடீரென்று தேதி கிடைத்துவிட்டது. குரல் நரம்பு அந்த இடத்தை ஒட்டியே ஓடுவதால், பிறகு குரல் அப்படியே இருக்கலாம், மாறியும் போகலாம், இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் இருபது பாசுரங்களைத் தன் குரலில் பதிவு செய்துவைத்துவிட வேண்டும், தன்னால் முடியாவிட்டாலும் பிள்ளைகள் அதைக் கேட்டுப் படிக்கட்டும் என்பது டீச்சரின் ஆசை. கிடைத்த ஒரே நாள், ஆபரேஷனுக்கு முந்தின நாள். அன்று இரவு எட்டு மணிக்குள் அவர் மருத்துவமனையில் சேர வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து அந்தோணி அண்ணனுக்கு மணப்பாறையில் தங்கை மகள் நிச்சயதார்த்தம்.

"ஜெனி, ஒரே ஒரு குரல், ஒரு சுருதிப்பெட்டி. கண்ண மூடிக்கிட்டுப் பண்ணலாம். நீ போயிட்டு வந்துடு."

"சரிங்கண்ணே."

"பாப்பாவ அத்தைகிட்ட வீட்டுலயே விட்டுட்டுப் போ. இது அவங்களுக்கு ஒரே சான்ஸு. கைக்குழந்த, கிலுகிலுப்பைன்னு எதுவும் கூடாது."

"விட்டுட்டுத்தாண்ணே போவேன்."

இது என் முதல் பொய். ஐந்து மணி நேரம் ஆன்சியைப் பார்க்காமல் இருப்பதா? என் மாமியார் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மூவரும் இன்று நன்றாகவே மூச்சு விடுகிறார்கள். அவரிடம் என் குழந்தையை விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் வரவில்லை என்பதை யாரிடமும் சொல்லவும் தைரியம் வரவில்லை. ஆகவே டீச்சருக்கே போன் செய்தேன்.

"டீச்சர், உங்க வீட்டுல கொசு இருக்குங்களா?"

"இந்த ஊர்ல கொசு இல்லாத ஆம் உண்டோ? ஏன் கேக்கறே?"

"கைக்குழந்தை இருக்கு..."

"அதுக்கென்ன, அழைச்சுண்டு வாயேன். பின்கட்டுல ரூம் இருக்கு. தூளி கட்டிக்கோ."

மதியம் இரண்டரைக்குக் காவிரிப் பாலத்தில் போன ஆட்டோவில் நான், அத்தை, ஆன்சி, பதிவுக் கருவிகள் கொண்ட ஒரு சின்னப் பை, குழந்தை சாமான்கள் கொண்ட நான்கு பெரிய பைகள். என் கணவர் சகாயம் அதிகாலையே துவாக்குடிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். இல்லாவிட்டால் ஐந்தாவது பை ஒன்றும் வந்திருக்கும்.

டீச்சரின் கணவர் ரங்கராஜன் மாமா வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. மனைவிக்கு ஆபரேஷன் என்ற பதற்றத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி காப்பி போடுவது. உட்காருவதற்குள் முதல் டம்ளர் வந்தது.

பின்கட்டு அறையில் தூளி கட்டினேன். பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னிடம் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. டீச்சருக்கு ஒன்று போதும். இன்னொன்றை இங்கே வைத்து, ஒரு கிளிப் மைக்கைத் தூளிக் கயிற்றில் மாட்டிவிட்டால், ஹாலில் இருந்தபடியே பாப்பாவின் மூச்சைக் கேட்கலாமே! (பல நாள் யோசித்து ஒரு கருவி செய்கிறார்கள். ஒரு தாய் அதை அரை நிமிடத்தில் மூச்சு கேட்கும் கருவியாக்கிவிடுகிறாள்.)

அத்தை நான் கேபிள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்ன ஜெனி, பச்சை லைட்டு எரியுது?"

நீங்கள் பார்த்துக்கொள்வது எனக்குப் போதவில்லை, அதனால் மைக் வைக்கிறேன் என்று எந்த மருமகள் சொல்வாள்?

"கொசுவுக்கு அத்தை."

"கரண்டு வயரே காணோமே, எப்புடி எரியுது?"

"புது மாதிரி அத்தை."

"தூளில ஒரு கிளிப்பு தொங்குதே?"

"அதுவும் கொசுவுக்குத்தான்."

இரண்டாவது பொய், மூன்றாவது பொய், நான்காவது பொய். அத்தை மரியாதையுடன் டப்பாவைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள, என்னென்னவோ தெரிஞ்சு வச்சிருக்க" என்றார்.

ஹாலில் டீச்சர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். குரலைத்தான் பதிவு செய்யப் போகிறோம், புடவை பதிவில் விழாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீச்சரின் மைக் ஒன்றாவது டிராக்கில், சுருதிப்பெட்டியிலிருந்து நேராக வரும் கேபிள் இரண்டாவது டிராக்கில். சோதனை செய்தேன்.

"ஏதாவது பேசுங்க டீச்சர்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. போறுமா?"

அருமையாக வந்தது. அந்தத் துண்டை அண்ணனுக்கு அனுப்பினேன். மணப்பாறையிலிருந்து கட்டைவிரல் படம் வந்தது. பிறகு போன்களை எல்லாம் அணைத்து வைத்துவிட்டோம்.

டீச்சர் வெந்நீர் குடிக்க உள்ளே போனார். ஒரே ஒரு நிமிடம், பாப்பா தூங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு மாற்றிவிடலாம் என்று, தூளி மைக்குக்கு ஒன்றாவது டிராக்கில் டிக் போட்டேன். ஹெட்போனை இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டேன். வலது காதை எப்போதும் வெளியே விட்டுவைப்பேன். குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு காதையும் ஒரே வேலைக்குக் கொடுத்ததில்லை.

மின்விசிறிச் சத்தம். தூளிக் கயிற்றின் கிறீச். அதன் மேல் அத்தையின் குரல், ஆன்சியிடம் ரகசியம் பேசுவது போல:

"உங்கம்மா இருக்காளே..."

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்ட பிறகு ஹெட்போனைக் கழற்றி வைக்கக்கூடிய மருமகள் யாராவது இருந்தால், அவர் இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவருக்கு என்னைப் புரியாது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து உட்கார்ந்தார். ஆரம்பிக்கட்டுமா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். பதிவுப் பொத்தானை அமுக்கினேன். டிக்கை மாற்றவில்லை.

"ஆமாடி, உங்கம்மா இருக்காளே, ரொம்பப் படிச்சவ. உன்னைக் குளிப்பாட்டுற தண்ணில தெர்மாமீட்டரப் போடுறா. தண்ணிக்குக் காய்ச்சலான்னு பாக்குறா போல. நேத்து நீ வெளிக்கிப் போனதப் போட்டோ புடிச்சு டாக்டருக்கு அனுப்பியிருக்கா. அந்தாளு சோறு திங்கிற நேரம். பாவம், அவரு புள்ளகுட்டிக்காரரு..."

வலது காதில் டீச்சரின் குரல் நேராக விழுந்துகொண்டிருந்தது. கணீரென்ற குரல். திரையில் ஒன்றாவது டிராக்கின் மீட்டர் பச்சையாக ஏறி இறங்கியது. வேறென்ன வேண்டும்? எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தேன். என் முகம் சிவந்து கண் கலங்கியதைப் பார்த்து, பாசுரத்தில் உருகிவிட்டேன் என்று டீச்சர் நினைத்தார். அதைப் பார்த்து அவர் இன்னும் உருகிப் பாடினார்.

கொஞ்ச நேரத்தில் அத்தை ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். பிறகு குறட்டை. ஆன்சியும் அத்தையும் தூங்கிவிட்டார்கள் என்பதில் எனக்குப் பரம நிம்மதி. மீட்டர் ஒரே சீராக ஏறி இறங்கியது. 'டீச்சருக்கு மூச்சுக் கட்டுப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறது!' என்று வியந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு மணி நேரம். இருபது பாசுரங்கள். கடைசிப் பாசுரம் முடிந்தபோது டீச்சர் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது டம்ளர் காப்பியோடு வந்து நின்ற மாமா, "இனிமே எது எப்படி ஆனாலும் பரவாயில்லே. பத்திரமா பிடிச்சு வெச்சாச்சு" என்றார். பிறகு, "சித்த போட்டுக் காட்டேம்மா, கேப்போம்" என்றார்.

கூட எடுத்துவந்த குட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் சுருதிப்பெட்டியின் தம்புரா நாதம். சுத்தமாக, கோயில் மண்டபத்தில் கேட்பது போல. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அதன் மேல், மிகத் தெளிவாக:

"உங்கம்மா இருக்காளே, ரொம்பப் படிச்சவ. உன்னைக் குளிப்பாட்டுற தண்ணில தெர்மாமீட்டரப் போடுறா..."

மாமா கண்ணைத் திறக்காமலே, "இது யாரோட உபந்யாசம்?" என்று கேட்டார்.

நிறுத்துவதற்காக எதையோ அமுக்கினேன். அது நிற்கவில்லை; தாவிக் குதித்து வேறு இடத்துக்குப் போனது. இன்னொன்றை அமுக்கினேன். இன்னும் தாவியது. இதற்குள் ஆன்சியைத் தூக்கிக்கொண்டு அத்தை ஹாலுக்கு வந்துவிட்டார். ஸ்பீக்கரையே பார்த்தார்.

"ஜெனி, அது என் குரல் மாதிரில்ல இருக்கு?"

ஸ்பீக்கரில் அத்தை தொடர்ந்தார்: "...பாவம்டி தங்கம் அந்த டீச்சரம்மா. நாளைக்குக் கழுத்த அறுக்கப் போறாங்க, இன்னைக்கு பட்டுப்புடவ கட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. காப்பி டம்ளர வாங்கையில கை நடுங்குச்சு. நான் பாத்தேன். அய்யாவுக்குத் தெரியாம முந்தானைல சுத்திப் புடிச்சுக்கிட்டாங்க. மாதாவே, அந்தக் குரல வாங்கிக்காதம்மா. அத விட்டுடு."

அப்போதுதான் நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கிடைத்தது.

ஹாலில் சுருதிப்பெட்டி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேதா, கை நடுங்கித்தா?"

டீச்சர் கையை முந்தானைக்குள் கொண்டுபோனார். போன பிறகுதான் எல்லோரும் அதையே பார்க்கிறோம் என்று கவனித்தார்.

"டீச்சர்..." என்று ஆரம்பித்தேன். "உங்க குரல் விழல. ஒண்ணு கூட விழல. நான்தான் மைக்க மாத்திட்டேன். குழந்தைக்கு மைக் வச்சிருந்தேன். திரும்ப மாத்த மறந்துட்டேன்."

இதைச் சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்கும். அந்த ஐந்து விநாடியை நான் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை. டீச்சரின் குரலில் மிஞ்சியது ஒன்றிலிருந்து ஐந்து வரையும் 'போறுமா'வும்தான்.

ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் நிச்சயதார்த்த நாதஸ்வரம் கேட்டது.

"ஜெனி, அங்க யாரு அழுவுறது?"

"நான்தாண்ணே."

"இல்ல, இன்னொரு குரலு."

"பாப்பாண்ணே."

"பாப்பா வீட்டுல இல்ல இருக்கு?"

நான் மூக்கை உறிஞ்சினேன்.

"சரி. இப்ப எதுவும் சமாதானம் சொல்லிக்கிட்டு நிக்காத. அவங்க பாட முடியும்னு சொன்னா, பாடுற வரைக்கும் போதும். ரெக்கார்டு ஒரு தடவ அமுக்கினா கடைசி வரைக்கும் நிறுத்தாத. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் அவங்கள ஒரு வார்த்த பேசச் சொல்லு. உன் ரெண்டு காதாலயும் கேட்டுட்டு, அப்புறம் பாடச் சொல்லு. ரெண்டு காதாலயும். புரியுதா?"

திரும்பி வந்தபோது, நான் எதிர்பார்க்காத காட்சி. அத்தை ஆன்சியை மாமாவின் மடியில் போட்டுவிட்டு டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தாங்க. இனிமே பேச மாட்டான்னு நாங்கல்லாம் நெனச்சோம். ஆறே மாசம். இப்ப எங்க கோயில்ல முன் பெஞ்சுல நின்னு பாடுறா. பூசை முடியற வரைக்கும் பக்கத்துல ஒருத்தரும் நிக்க முடியாது."

"அவ்வளவு நன்னாப் பாடறாளா?"

"இல்லீங்க. முன்னாடியும் நல்லாப் பாட மாட்டா. ஆனா சத்தம் அப்படியே இருக்கு."

டீச்சர் சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. மாமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஆன்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன?" என்றார் டீச்சர்.

"அஞ்சரை."

"ஏழு வரைக்கும் நேரம் இருக்கு. இருபதும் வராது. தொண்டை களைச்சுப் போயிடுத்து. பத்துப் பாடறேன். கொழந்தேளுக்கு எது கஷ்டமோ அந்தப் பத்து." என்னைப் பார்த்தார். "நீ அழுகையை நிறுத்து. மூக்கு உறிஞ்சற சத்தம் விழும்."

தூளியிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். இரண்டாவது டப்பாவின் கேபிளைப் பிடுங்கிப் பையில் போட்டு, பையை வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றாவது டிராக்கில் டீச்சரின் மைக்குக்கு டிக் போட்டு, ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டினேன். குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக ஆன்சி எங்கே, என்ன செய்கிறாள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

"கேக்கறதா?" என்றார் டீச்சர்.

"ஒரு நிமிஷம் டீச்சர்..." மீட்டரைப் பார்த்தேன். டிக்கைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சினேன். "வருது. உங்க குரல் வருது. பாடுங்க."

முதல் முறை பாடியது கச்சேரி மாதிரி இருந்தது. இப்போது வகுப்பு எடுப்பது போலப் பாடினார். கடினமான இடத்தில் நிறுத்தி, பிரித்துச் சொல்லி, திரும்பப் பாடினார். குரல் கொஞ்சம் கரகரத்தது. ஒவ்வொரு பாசுரத்துக்கு முன்பும் "கேக்கறதா?" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். மாற்றிச் சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். பத்து தடவையும் மூக்கை உறிஞ்சினேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஏழு மணிக்கு முடிந்தது. போட்டுக் கேட்டோம். எல்லாம் இருந்தது.

"நடுவுல நான் பேசினதையெல்லாம் வெட்டிட்டு நாளைக்கு அனுப்பறேன் டீச்சர்."

"ஒண்ணையும் வெட்டாதே!" அவர் கிட்டத்தட்டக் கத்தினார். நான் எதையாவது வெட்டப்போய் எது போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. (நியாயமான பயம்.) "அப்படியே என் போன்ல போட்டுக் குடு. இப்பவே."

போட்டுக் கொடுத்தேன். அதை அங்கேயே பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

திரும்பி வரும் ஆட்டோவில் அத்தை பாலத்தின் நடுவில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் பேசுனது எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன் அத்தை. மன்னிச்சுடுங்க."

"எல்லாத்தையுமா?"

"தெர்மாமீட்டர்... டாக்டருக்குப் போட்டோ..."

"அதுக்கப்பறம் உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொன்னேனே, அது?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கேட்கவே இல்லை. குறையாகச் சொன்னதற்கெல்லாம் காதைத் தீட்டிவைத்திருந்தேன். அந்த நாலு வார்த்தை வந்தபோது அடுத்த குறைக்காகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"அதான் பதிவாயிருக்கே. போட்டுக் கேளு."

அந்தப் பதிவு இன்றும் லேப்டாப்பில் இருக்கிறது. மூன்று வருடம் ஆகிவிட்டது. அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டீச்சருக்குப் பல வாரம் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அந்த நாட்களில் மாமா ஹாலில் ஸ்பீக்கரை வைத்துவிடுவார். பிள்ளைகள் உட்கார்ந்து பதிவைக் கேட்டுப் படிப்பார்கள். நான் இதற்குள் என் பேச்சையெல்லாம் நீக்கிச் சுத்தமான ஒரு பதிவை அனுப்பியிருந்தேன். யாரும் அதைத் திறக்கக்கூட இல்லை. முதலில் வந்தது எல்லோர் போனிலும் குடியேறிவிட்டது. பாசுரம் சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: குரு எப்படிச் சொன்னாரோ, ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் நல்ல பிள்ளைகள். ஓர் எழுத்தையும் விடவில்லை.

டீச்சர் மீண்டும் வகுப்புக்கு வந்த நாளைப் பற்றி அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். குரல் முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. மேல் ஸ்தாயி போய்விட்டது என்றார். அன்று பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தம் வருமோ வராதோ என்று பாடாமல் தயங்கிவிட்டாராம். பதிவன்று கேட்டது போலவே "கேக்கறதா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஏழு வயசு, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டுச் சொன்னாளாம்:

"வருது. உங்க குரல் வருது. பாடுங்க."

"பாடிட்டேன்" என்றார் டீச்சர். போனை வைத்த பிறகு நான் கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்க்கப் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மார்கழியில் டீச்சர் வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் நிகழ்ச்சி. நான் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். அத்தை விடவில்லை. சகாயம் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலிலேயே நின்றுகொண்டார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். இருபத்தைந்து பிள்ளைகள், பத்துப் பாசுரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கைகூப்பி, ஒரே குரலில், "ஒரு நிமிஷம் டீச்சர்..." பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு மூக்கு உறிஞ்சல். பிறகு "வருது".

முதல் தடவை நான் தலையைக் குனிந்தேன். இரண்டாவது தடவை முக்காடு போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் தோளைத் தட்டி அத்தை பெருமையாகச் சொன்னார்:

"இப்ப எல்லாப் புள்ளைங்களும் மூக்க உறிஞ்சுதுங்கல்ல, அது எங்க மருமவ."